நாற்பது வளைவுகள்

மலைப் பிரயாணம் ஒவ்வொன்றும் இரண்டு தடவை நடைபெறுகிறது. முதல் தடவை வீட்டுக் கூடத்தில். இரண்டாந் தடவை மலையில். முதல் பிரயாணத்தில் பெட்ரோல் செலவு கிடையாது, டயர் வெடிப்பதில்லை, ஒருவருக்கும் தலை சுற்றுவதில்லை. சண்டை மட்டும் உண்டு. அந்தச் சண்டை ஒரு வழியாக ஓய்ந்த பிற்பாடுதான் இரண்டாவது பிரயாணத்துக்கு நாள் பார்க்க முடிகிறது.

வால்பாறைக்கு மோட்டாரில் போய் வருவது என்று நம் வீட்டில் தீர்மானமாகிச் சரியாக மூன்று வாரம் ஆகிறது. இன்னும் வண்டி வாசலை விட்டுக் கிளம்பவில்லை. ஆனால் இந்த மூன்று வாரத்தில் நாம் போய் வந்த தூரம் கொஞ்ச நஞ்சமல்ல. அந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான் நேயர்களிடம் சொல்ல உத்தேசம்.

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கிருந்து வால்பாறை இன்னும் 65 கிலோமீட்டர். சமவெளியில் இந்த நூற்றைந்து கிலோமீட்டரும் ஒரு தூரமே அல்ல. காலையில் புறப்பட்டவர் இரண்டாவது காபிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஆழியாறு அணையைத் தாண்டியதும் சாலை தன் சுபாவத்தை மாற்றிக்கொள்கிறது. அதுவரை ஒழுங்காக நேரே சென்ற சாலை, திடீரென்று ஏதோ மறந்துவிட்டவரைப் போல் வந்த திசையிலேயே திரும்பிப் பார்க்கிறது. பிறகு மறுபடியும் திரும்புகிறது. இப்படியே நாற்பது தடவை. கொண்டை ஊசி வளைவு என்று அவற்றுக்குப் பெயர். கொண்டை வைப்பவர்கள் குறைந்து போனாலும் அந்தப் பெயர் மட்டும் மலைச் சாலைகளில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதிப் பலகை நாட்டியிருக்கிறார்கள். கணக்கில் சந்தேகம் கொள்கிறவர்கள் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வளைவுகளைப் பற்றி நம் பேரன் ஒரு கேள்வி கேட்டான். அவனுக்கு வயது 6. “ரோடு ஏன் தாத்தா நேராகப் போகக்கூடாது?” என்றான். நல்ல கேள்வி. நேராக ஏறுவது ஆட்டுக்கு முடியும். பாரம் ஏற்றிய வண்டிக்கு முடியாது. செங்குத்தான சரிவைச் சக்கரம் தாங்கும் சரிவாக ஆக்குவதற்கு ஒரே உபாயந்தான் உண்டு, தூரத்தை நீட்டிக்கொள்வது. உயரத்தைக் குறைக்க முடியாதாகையால் சாலையை மடித்து மடித்து மலையின் முகத்திலே சாத்திவிடுகிறார்கள். அதாவது, மலை கேட்கும் விலையை ஒரே தவணையில் கொடுக்கச் சக்தியில்லாதவர்கள் நாற்பது தவணைகளில் கொடுக்கிறார்கள். பேரனுக்கு இது விளங்கியதோ என்னவோ, அவன் தகப்பனாருக்கு நன்றாக விளங்கிற்று. அவருக்கும் தவணைக்கும் நல்ல பழக்கம். அவர் புதிதாக வாங்கியிருக்கும் மோட்டார் வண்டியே இந்தப் பிரயாணத்துக்கு மூல காரணம்.

மாப்பிள்ளை எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். அவர் கையிலுள்ள கைப்பேசியில் ஒரு கால அட்டவணை தயாராகிவிட்டது. “காலை 5-30: புறப்பாடு. 6-45: பொள்ளாச்சி, சிற்றுண்டி. 7-45: ஆழியாறு அணை, 15 நிமிஷம். 8-30: ஒன்பதாவது வளைவு, இயற்கைக் காட்சி, 10 நிமிஷம். 10-30: வால்பாறை” என்று தொடங்கி, “மாலை 6-00: வால்பாறையிலிருந்து புறப்பாடு. இரவு 9-30: வீடு” என்று முடிந்திருந்தது அந்த அட்டவணை. இயற்கைக் காட்சிக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்ததைப் பார்த்து நாம் பிரமித்தோம். ஒன்பதாவது வளைவு சாமானியமான இடமல்ல. லோம்ஸ் காட்சி முனை என்று அதற்குப் பெயர். அங்கே நின்றால், ஏறி வந்த சாலை முழுவதும் காலடியில் சுருண்டு கிடப்பதும், அதற்கும் கீழே ஆழியாற்று நீர்த்தேக்கம் வானத்தின் ஒரு துண்டைப் போல் விழுந்து கிடப்பதும் தெரியும். நமது மாகாணத்தின் விலங்கு என்று கௌரவம் பெற்றிருக்கும் வரையாடுகள் பாறையை விட்டு இறங்கி அந்தச் சாலையோரத்துக்கே வருவதுண்டு. வரையாடு பதினோராவது நிமிஷத்தில் வந்தால் என்ன செய்வது? மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே மனுச் செய்துகொள்ள வேண்டியதுதான்.

நமது சகதர்மிணியின் திட்டம் வேறு வகை. அதில் மணி கிடையாது, பாத்திரங்கள் உண்டு. புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வெந்நீர்ப் புட்டி, தலை சுற்றினால் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் ஆறு. “ஆறு எதற்கு?” என்று கேட்டதற்கு, “நாற்பது வளைவுக்கு ஆறு போதுமா என்றுதான் யோசிக்கிறேன்” என்றாள். இந்த மயக்க விஷயத்தில் நாமும் சிறிது ஞானம் சம்பாதித்தோம். கண் வண்டிக்குள்ளே பார்த்துக்கொண்டு, ‘நாம் அசையவில்லை’ என்று சொல்கிறது. காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு, ‘அசைகிறோம், அசைகிறோம்’ என்று சொல்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படுவதனால் நடுவில் அகப்பட்ட வயிறு தண்டனை அநுபவிக்கிறது. ஆகையால் மயக்கம் வரும் சுபாவமுள்ளவர் முன் ஆசனத்தில் உட்கார்ந்து தொலைவிலுள்ள மலையைப் பார்த்து வருவது நலம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மலை ஏறுகிறவருக்கு எலுமிச்சை உதவாது.

பருவ காலத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இல்லை. தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரையில் ஆனைமலையை விட்டு வைப்பதில்லை. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு, தென்னாட்டிலேயே மிகவும் அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அருவிகள் அப்போதுதான் அழகு என்பது வாஸ்தவமே. ஆனால் மண் சரிவும் மூடுபனியும் கூடவே வரும். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, தை மாதத்துக் கடைசியில், வாரத்தின் நடுவில் ஒரு நாள் என்று முடிவாயிற்று. எல்லோரும் திருப்தியடைந்தார்கள்.

எல்லோரும் என்றா சொன்னோம்? தப்பு. ஒருவரைக் கேட்கவே இல்லை.

நம் தாயாருக்கு வயது 78. கூடத்தின் ஓரத்தில் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அட்டவணையை உரக்கப் படித்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, “ஏறுவதற்கு வருகிறேன். அந்த வழியாக இறங்க மாட்டேன்” என்றார்.

“அப்படியானால் பாட்டியை வால்பாறையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்!” என்று மாப்பிள்ளை வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தாயார் சிரிக்கவில்லை. நாமும் சிரிக்கவில்லை. சிரிக்காத காரணம் நம் இருவருக்கு மட்டுமே தெரியும். மாப்பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டுமென்று நமக்கு அதுவரை தோன்றவே இல்லை.

நம் தகப்பனார் வால்பாறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1968-ஆம் ஆண்டில் கல்யாணமான பத்தாவது நாள், 20 வயதுப் பெண்ணாகிய நம் தாயார், ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பித்தளைக் குடமுமாக அந்த மலைக்குப் பஸ்ஸில் ஏறினார். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி, கொதிக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்களாம். அப்போது கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, திரும்பி எப்படிப் போவது?” என்று அழுதாராம். தகப்பனார், “வளைவை எண்ணிக்கொண்டே வா, அழுகை வராது” என்றாராம். அன்று முதல் அந்தக் குடும்பத்தில் அது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. மலை ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, குழந்தைகள் வளைவுகளை உரக்க எண்ண வேண்டும். எண்ணுகிறவர்களுக்கு வாந்தி வராது என்பது தகப்பனாரின் வைத்திய சாஸ்திரம். நாமும் தம்பியும் எண்ணக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல. ஆழியாற்றுக்கும் அட்டகட்டிக்கும் நடுவிலே.

தோட்டத்தில் ஆள் பேர்ப் பதிவேடு எழுதுவது தகப்பனாரின் உத்தியோகம். தினம் காலையில் யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று குறிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டிலிருந்த பெயர்களுடையவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் சேலத்துப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களின் மக்களும் பேரப் பிள்ளைகளும். 1890-களின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆனைமலையில் காட்டைத் திருத்தித் தோட்டம் போடத் தொடங்கினார்கள். சமவெளியிலே பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களிடம் கங்காணிகள் போய், கையில் முன்பணத்தைக் கொடுத்து மலைக்கு அழைத்து வந்தார்கள். வந்தவர்களுக்கு மலை ஏறத்தான் வழி இருந்தது. முன்பணக் கடன் தீருகிற வரையில் இறங்க வழியில்லை. கடனோ சீக்கிரம் தீருவதாயில்லை. குளிரும் மலேரியாவும் பலருக்குக் கடனுக்கு முந்தியே கணக்கைத் தீர்த்துவிட்டன. ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக வேலை பார்த்து, பிறகு தொழிலாளர்களுக்காகவே உழைத்த பி. எச். டேனியல் இந்தக் கதையை ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என்ற நாவலாக எழுதி 1969-இல் வெளியிட்டார். ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் இரா. முருகவேள் அதைத் தமிழாக்கியிருக்கிறார். நாடு விடுதலை பெற்ற பிற்பாடு, 1951-இல், தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடும் வைத்தியமும் பள்ளியும் தோட்டக்காரரின் கருணை என்றில்லாமல் கடமை என்று ஆயின.

தகப்பனார் இவற்றையெல்லாம் பிரசங்கமாகச் சொன்னவர் அல்லர். பஸ்ஸில் போகும்போது தேயிலைச் சரிவைப் பார்த்து யாராவது, “ஆஹா, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறதே!” என்று வியந்தால், “ஆமாம், கையாலே விரித்தது” என்று மட்டும் சொல்வார். வால்பாறைக்குப் போகும் நேயர்கள் அந்தக் கம்பளத்தைப் பார்த்து அவசியம் ஆனந்தப்பட வேண்டும். ஆனந்தப்பட்ட பிற்பாடு ஒரு நிமிஷம், அதை விரித்த கைகளையும் நினைக்க வேண்டும். பிரயாண அட்டவணையில் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

நிற்க. தாயாரின் நிபந்தனைக்கு வருவோம்.

அந்த வழியாக இறங்குவதில்லையென்றால் வேறு வழி உண்டா என்று தேடினோம். உண்டு. வால்பாறையிலிருந்து சோலையாறு, மளுக்கப்பாறை வழியாக மேற்கே இறங்கினால் கேரளத்தின் வாழச்சாலும் அதிரப்பள்ளி அருவியும் வரும், அதற்கப்பால் சாலக்குடி. அங்கிருந்து திருச்சூர், பாலக்காடு வழியாகக் கோயமுத்தூர் வந்து சேரலாம். வெகு தூரம் அடர்ந்த காடு. வனத்துறையார் சாவடியில் வண்டியைப் பதிந்துகொண்டு பகலில்தான் விடுவார்கள். ஆகவே ஒரு நாள் பிரயாணம் இரண்டு நாளாக வேண்டும். வால்பாறையில் இரவு தங்க வேண்டும். மாப்பிள்ளையின் அட்டவணை தலைகீழாயிற்று. ஆனால் அவர் நல்ல மனிதர். “பாட்டிக்காக மாற்றிவிடுகிறேன், மாமா” என்று சொல்லி, அன்றிரவே மாற்றவும் தொடங்கினார்.

மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் ஒரு விஷயத்தை நமக்கு விளக்கினார். மலையில் ஏறுவது சுலபம். இறங்குவதுதான் வித்தை என்றார். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது உராய்ந்து உராய்ந்து சூடேறும். மிகவும் சூடேறினால் பிடிக்காமல் போகும். ஆகையால் எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். வண்டியின் வேகத்தை இயந்திரமே பிடித்து நிறுத்தும். பிரேக்கை வளைவுக்கு மாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும், அது சட்டமும்கூட. வளைவுக்கு வளைவு ஒலி எழுப்ப வேண்டும். பனி மூடியிருந்தால் நத்தையைப் போல் போக வேண்டும். “அவசரப்பட்டு இறங்குகிறவன் கீழே போய்ச் சேருவான், மாமா, ஆனால் ரோடு வழியாக அல்ல” என்றார்.

நாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அவர் தம்மையறியாமல், முப்பது வருஷத்துக்கு மேலாக நம் மனத்தில் கிடந்த ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

1989-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு தகப்பனாருக்கு மார்வலி கண்டது. இனிக் கீழே கொண்டு போவதுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்து ஜீப் ஒன்று கிடைத்தது. பின் ஆசனத்தில் தகப்பனாரைச் சாய்த்து, தாயார் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நாம் டிரைவருக்கு அருகில் உட்கார்ந்தோம். அப்போது நமக்கு வயது 18. தம்பியை அண்டை வீட்டில் விட்டிருந்தோம். மழை, பனி, விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர். முதல் வளைவு வந்ததும் தாயார், “எண்ணு, கண்ணு. அப்பாவுக்குக் கேட்கட்டும்” என்றார். எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக்கொண்டே வந்தோம்.

டிரைவர் வண்டியை மிக மெதுவாக ஓட்டினார். இயந்திரம் உறுமியதே தவிர வண்டி ஊர்ந்தது. இருபத்தேழாவது வளைவில் நம் பொறுமை போய்விட்டது. “கொஞ்சம் வேகமாகப் போங்களேன்! மனுஷர் சாகக் கிடக்கிறாரே!” என்று கத்தினோம். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தம்பி, இதுக்கு மேலே போனால் நாலு பேரும் போயிடுவோம்” என்றார். நாம் இன்னும் ஏதேதோ கடுமையாகச் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. அந்தச் சண்டையிலே எண்ணிக்கை தவறிப் போயிற்று. அதன் பிறகு எத்தனை வளைவுகள் வந்தன என்று தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். விடிவதற்குள் தகப்பனார் காலமாகிவிட்டார்.

அந்த டிரைவர் மறு நாள் முழுவதும் எங்களுடனேயே இருந்தார். அவருக்கு நாம் நன்றி சொல்லவில்லை. அவர் வேகமாக ஓட்டியிருந்தால் தகப்பனார் பிழைத்திருப்பார் என்ற எண்ணத்தை ஒரு கூழாங்கல்லைப் போல் உள்ளே வைத்துக்கொண்டு இத்தனை காலம் நடமாடியிருக்கிறோம். இரண்டாவது கியரில், பிரேக்கைக் காப்பாற்றிக்கொண்டு, ஈரச் சாலையில், பனியில், இரவில், அந்த நாற்பது வளைவுகளையும் அவர் எப்படி இறக்கினார் என்பது இப்போதுதான் புரிந்தது. புதிய வண்டி வாங்கிய மாப்பிள்ளை சாவதானமாகச் சொன்ன பாடத்தை, அவர் நம் வசவுகளைக் கேட்டுக்கொண்டே செய்து காட்டியிருக்கிறார்.

மறு நாள் காலையில் தாயாரிடம் போய் இதைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை.

“எனக்கு அன்றைக்கே தெரியும்” என்றார். “அவர் மெதுவாக இறக்கினாரே, அந்த நேரம் பூராவும் உங்கப்பா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நீ எண்ணுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் விரலை ஒரு தடவை அழுத்தினார். நீ நிறுத்தின பிறகும் வளைவுக்கு வளைவு அழுத்திக்கொண்டே வந்தார்.”

“ஏனம்மா இதை இத்தனை நாள் சொல்லவில்லை?”

“நீ கேட்கவில்லையே, கண்ணு.”

உண்மைதான். 1989-க்குப் பிறகு அந்த மலையைப் பற்றி நாம் தாயாரிடம் பேசினதில்லை. அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று நாம் பேசவில்லை. நமக்கு வருத்தமாக இருக்கும் என்று அவர் பேசவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே இத்தனை வருஷங்களைக் கழித்துவிட்டோம்.

அன்று மாலை மாப்பிள்ளை இரண்டாவது அட்டவணையைப் படித்தார். முதல் நாள் ஏற்றம்; இரவு வால்பாறை; மறுநாள் மேற்குப் பக்கமாக இறக்கம்; அதிரப்பள்ளி அருவி; இரவு வீடு. தாயார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அந்தப் பக்கம் எத்தனை வளைவு?” என்றார்.

மாப்பிள்ளை விழித்தார். கைப்பேசியில் இருக்கும் அம்மாளையும் கேட்டார். அந்த அம்மாள், “இன்னும் இருநூறு மீட்டரில் இடது புறம் திரும்பவும்” என்று சொல்லக்கூடியவளே தவிர, மொத்தக் கணக்குச் சொல்லப் பழக்கமில்லாதவள்.

“கணக்குத் தெரியாத வழியில் இந்த வயசில் எனக்கு என்ன வேலை?” என்றார் தாயார். “வந்த வழியிலேயே இறங்குவோம். ஆனால் பகலில் இறங்குவோம். அந்த வழியைக் கடைசியாக நான் இருட்டில்தான் பார்த்தேன். வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.”

மூன்றாவது அட்டவணை உண்டாயிற்று. இதுவே முடிவானது. நேயர்களுக்கும் உபயோகப்படலாமாகையால் அதன் சாரத்தைத் தருகிறோம். வைகறையில் வீட்டை விட்டுப் புறப்பாடு. மலை ஏறுவதற்கு முன் பொள்ளாச்சியில் பெட்ரோல், பிரேக், டயர்க் காற்று மூன்றையும் பார்த்துக்கொள்வது. சாலையில் அவசரக்காரர் பின்னால் வந்தால் ஒதுங்கி வழி விடுவது. அவரிடம் பந்தயம் கிடையாது. காட்டுக்குள் தின்பண்டக் காகிதம் ஒன்றுகூட எறியக்கூடாது. குரங்குக்கு ஒரு கவளமும் போடக்கூடாது. கையால் கொடுத்துப் பழக்கிய குரங்கு வண்டிக்காகக் காத்திருந்து சக்கரத்தில் அகப்படுகிறது. கவர்கல் பக்கத்தில் பனி இருக்கும். விளக்கைப் போட்டு ஊர்ந்து போவது. புதுத்தோட்டத்தருகே தலைக்கு மேலே நிமிர்ந்து பார்ப்பது. அருகிப் போன சிங்கவால் குரங்குகள் சாலையைத் தாண்டுவதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தந்திருக்கிறார்கள். மனிதர்கள் இரண்டு கரைக்கு நடுவே பாலம் கட்டுவது புதிதல்ல. குரங்குக்குக் கட்டித் தருவதைப் பார்த்தால் நமது ஜாதியின் மீது சிறிது நம்பிக்கை பிறக்கும். வால்பாறையிலே அந்தி சாய்ந்ததும் அறையை விட்டு உலாவக் கிளம்பக்கூடாது. யானைகள் அருகிலிருந்தால் எச்சரிப்பதற்காகச் சில இடங்களில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால், யானை முதலில், நாம் பிறகு. 2007-ஆம் ஆண்டில் அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆயிற்று. அங்கே நாம் விருந்தாளிகள் என்பதை மறக்கக்கூடாது.

மறுநாள் காலை உணவான பிறகு, பனி விலகி வெயில் வந்ததும் இறக்கம். ஏறின கியரிலேயே இறங்குவது. ஒன்பதாவது வளைவில் நிறுத்துவது. அந்த இடத்துக்கு நேராக மாப்பிள்ளை முன்பு “10 நிமிஷம்” என்று எழுதியிருந்தார். இப்போது அதை அடித்துவிட்டு, “பாட்டி எழுந்திருக்கும் வரை” என்று எழுதியிருக்கிறார்.

மூன்று வாரத்தில் நாம் தெரிந்துகொண்டதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மலைக்குப் போகிறவர்கள் ஏறுவதற்குத் திட்டம் போடுகிறார்கள். இறங்குவதற்கும் போட வேண்டும். அதைவிட முக்கியமாக, தேசப் படத்தை விரிப்பதற்கு முன்னால், வீட்டிலுள்ள வயதானவர்களைக் கேட்க வேண்டும். எந்த வளைவில் என்ன நடந்தது என்பது தேசப் படத்தில் இராது.

அந்த டிரைவர் எங்கே இருக்கிறார் என்று தோட்டத்துப் பழைய ஆட்களிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். இருந்தால் 80 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். வால்பாறையில் தங்கும் அன்று மாலை நாம் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

புறப்பட இன்னும் 11 நாள் இருக்கிறது. பேரன் நாற்பதிலிருந்து பின்னோக்கி எண்ணப் பழகிக்கொண்டிருக்கிறான். இறங்கும்போது பலகையில் எண்கள் அந்த வரிசையில்தானே வரும்? முப்பதுக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் அவனுக்கு ஒவ்வொரு தடவையும் தடுக்குகிறது. இதை நாம் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், கூடத்திலிருந்து அவன் எண்ணுவது கேட்கிறது. கூடவே, தடுக்குகிற இடத்தில் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, இன்னொரு குரலும் எண்ணுகிறது.